ரொறன்ரோப் பிளேனும் குலுக்கலும்: போய்ப் போய்ப் பழகினவன் சொல்லுறன்

பிள்ளையள் கனடாவில எண்டபடியால் எனக்கும் மனுசிக்கும் கட்டுநாயக்கா, டுபாய், ரொறன்ரோ எண்டுற பயணம் இப்ப வழமையாப் போச்சு. சாப்பாடு, சீற், படம் எல்லாத்தைப் பற்றியும் ஆக்கள் எழுதீட்டினம், டர்புலன்ஸ், அதுதான் பிளேன் குலுங்கிறது, அதைப் பற்றிக் கதைச்சா மட்டும் "கடவுளேயெண்டு தப்பினம்" எண்டுறதோட முடிச்சிடுவினம்.

குலுக்கல் கண்டபடி வாறதில்லை, அதுக்கெண்டு இடம் இருக்கு. சோளகம் எண்டுற தென்மேல் பருவக்காத்து தொடங்கின பிறகு வெளிக்கிட்டா அரபிக் கடலுக்கு மேலயே ஆட்டம் தொடங்கீடும், பிளேன் பறக்கிறது 10, 12 கிலோமீற்றர் உயரத்தில, இந்தப் பக்கத்து இடிமேகம் 15 கிலோமீற்றரையும் தாண்டி எழும்பி நிக்கும், மேலால போக ஏலாது, விலத்திச் சுத்தித்தான் போகவேணும். பைலட்டின்ர ராடர் மழைத்துளியைக் காட்டுறபடியால் அதை விலத்தலாம். பேந்து ஈரான், துருக்கிப் பக்கத்தால போனா மலை, மலையில மோதின காத்து மேல எழும்பி அலை அலையாப் போகும், வெளியில வானம் பளிச்செண்டு கிடக்க உள்ள தேத்தண்ணி ஆடும்.

எனக்குப் பிடிக்காதது கடைசித் துண்டுதான், கிறீன்லாந்தும் அத்திலாந்திக்கும். அங்க ஜெட் ஸ்ட்ரீம் எண்டு மேற்கில இருந்து கிழக்கு நோக்கி ஓடுற காத்து, மாரியில மணிக்கு 300 கிலோமீற்றரையும் தாண்டும், அதின்ர கரையில வேகம் சடாரெண்டு மாறுற இடத்திலதான் பிளேனைப் பிடிச்சு உலுப்பும். மேகமும் இல்லை துளியும் இல்லை, ராடர் என்னத்தைக் காட்டுறது, முன்கூட்டிப் போட்ட கணிப்பும் முன்னால போன பிளேன்காரர் சொல்லுறதும்தான். லண்டனுக்குப் பக்கத்தில இருக்கிற ரெடிங் யூனிவர்சிற்றிக்காரர் 2023இல ஒரு ஆய்வு விட்டவை, வட அத்திலாந்திக்கில இந்த மாதிரிக் கடும் குலுக்கல் 1979இல இருந்து 2020க்குள்ள 55 வீதம் கூடியிருக்காம், ஒரு இடத்தை எடுத்தா வருசத்துக்கு 17.7 மணித்தியாலமா இருந்தது 27.4 ஆகியிருக்கு. கூடினது உண்மைதான், எண்டாலும் வருசம் முழுக்க 27 மணித்தியாலம்தானே.

ஒருக்கா பக்கத்துச் சீற்றில இருந்த அம்மா ஒராள் என்ர கையைப் பிடிச்சபடி "தம்பி, செட்டை முறியப்போகுது, பாரும்" எண்டவ. பாத்தா செட்டை நுனி மேலயும் கீழயும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, அது ஆடத்தான் செய்ததே. போயிங் 777இன்ர செட்டையை 1995இல முறியும் வரைக்கும் வளைச்சுப் பாத்தவை, பறக்கேக்க வரக்கூடிய ஆகக்கூடின பாரத்தின்ர 154 வீதத்திலதான் முறிஞ்சது. குறிகாட்டுவானில இருந்து நெடுந்தீவுக்குச் சோளகத்தில படகில போனாக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, அலையோட ஏறி இறங்குற படகுதான் பாதுகாப்பு. இதைச் சொன்ன பிறகும் அந்த அம்மா கையை விடேல்லை, அது வேற கதை.

பிளேனை விட்டிட்டு ஆக்களைப் பாக்கவேணும். 2024 மே 21 லண்டனில இருந்து வந்த சிங்கப்பூர் எயார்லைன்ஸ் எஸ்கியூ 321, மியன்மாருக்கு மேல, ஒருத்தர் செத்து கனபேர் காயப்பட்டது ஞாபகம் இருக்கும். ஆறாயிரம் அடி விழுந்ததெண்டு வட்சப்பில சுத்திச்சுது. விசாரணை அறிக்கையில பிளேன் விழுந்தது வெறும் 178 அடி. ஆறாயிரம் அடி பிறகு பைலட் தானா இறக்கினது. ஆனா அந்த 178 அடி விழுந்த நேரத்துக்குள்ள உடம்பில தாக்கின விசை 0.6 செக்கனுக்குள்ள 1.35 ஜியில இருந்து மைனஸ் 1.5 ஜிக்குப் போட்டுது (சும்மா இருக்கேக்க எங்கட பாரம் 1 ஜி, மைனஸ் எண்டால் ஆளை மேல தூக்கும்), அதாவது பெல்ட் இல்லாதவை கூரையில அடிபட்டு, 4 செக்கனுக்குள்ள பிளஸ் 1.5 ஆக, திரும்பக் கீழ விழுந்தினம். பெல்ட் சைன் போட்டு ஒரு 8 செக்கன்தான். 8 செக்கனில போர்வைக்குள்ள பெல்ட்டைத் தேடவே காணாது.

அதால சைன் எரிஞ்சாலும் அணைஞ்சாலும் நாங்கள் ரெண்டு பேரும் போர்வைக்கு மேலால பெல்ட் போட்டுத்தான் நித்திரை, கொஞ்சம் இளக்கமா விட்டா இடுப்பும் நோகாது. டொய்லெட்டுக்குப் போறதெண்டால் கடலும் மலையும் தொடங்க முதல் போயிட்டு வாறது, முன் ஸ்கிரீனில மேப் இருக்குத்தானே. சுடுதேத்தண்ணி கப்பில அரைவாசி காணும் எண்டு சொல்லி வாங்கிறனான். எஸ்கியூ 321க்குப் பிறகு அந்தக் கொம்பனி சைன் எரியேக்க சுடச்சுடக் குடிக்கக் குடுக்கிறதை நிப்பாட்டீட்டுது, கொரியன் எயார் எக்கொனமியில கப் நூடில்ஸையே எடுத்திட்டுது. பயத்தை அளக்க நான் பாக்கிறது வேலைசெய்யிற பிள்ளையளைத்தான், அதுகள் ட்ரொலியோட சிரிச்சுக்கொண்டு நிண்டா ஒண்டுமில்லை, ட்ரொலியைப் பூட்டிப்போட்டு ஓடிப்போய் இருந்துதுகள் எண்டால் நானும் பெல்ட்டை இறுக்கிறது.

டர்புலன்ஸ் மேப் காட்டுற ஆப் போனில வச்சுப் பாத்தன், எங்க ஆட்டும் எண்டுறது ஓரளவு சரிதான் வருது, ஆனா மனுசி அந்தச் சிவப்பைப் பாத்து முதல் நாளே சாப்பிடாமல் விட்டிட்டா, அதோட அழிச்சாச்சு. பலாலியில இருந்து சென்னைக்குப் போற குட்டிப் பிளேனைக் கேட்டா, அது விசிறிப் பிளேன், தாழப் பறக்கும், வாடைக்கால மேகத்துக்குள்ளால போகேக்க நல்லா உலுப்பும், ஆனா பயணம் கொஞ்ச நேரம்தானே.

சீற் எண்டால் செட்டைக்குக் கிட்ட இருக்கிறதுதான் ஆட்டம் குறைவு, வால்பக்கம் கூட. ஆனா விரும்பின சீற்றுக்கு வேற காசு கேப்பினம், செட்டை வெளியையும் மறைக்கும், பகல் வெளிச்சத்தில கிறீன்லாந்துப் பனியைப் பாக்க வால்பக்க வின்டோதான் நல்லம். நீர் நடுவில இரும் நான் பின்னால இருக்கிறன் எண்டு மனுசியைக் கேட்டுப் பாத்தன், குலுக்கேக்க ஆற்ற கையைப் பிடிக்கிறது எண்டு கேட்டா.