ஹீட் பம்ப் வெளி யூனிட்: சில விண்டர் ஓட்டிப் பாத்த அனுபவம்

கனடால, மிசிசாகால எங்க வீட்டு பழைய ஏசி மண்டையைப் போட்டப்ப, திரும்பவும் ஏசியே வாங்காம 3 டன் கோல்ட் கிளைமேட் ஹீட் பம்ப் போட்டோம், கேஸ் ஃபர்னஸை கழட்டாம பேக்கப்புக்கு வச்சிருக்கோம். சம்மர்ல அது சாதா ஏசி, விண்டர்ல அதையே திருப்பி ஓட்டி வெளிக்காத்துல இருக்கற கொஞ்சநஞ்ச சூட்டையும் உறிஞ்சி உள்ள தள்ளுது. வாங்கலாமா வேணாமான்னு ஏற்கனவே நெறைய பேர் எழுதித் தள்ளிட்டாங்க, அதுக்குள்ள நான் போகல. வெளிய நிக்குற அந்தப் பொட்டியை எப்படி மேய்க்கறதுங்கறதுதான் விஷயம்.

மொத விண்டர்ல வர்ற புகார்ல பாதி புகாரே கெடையாது. வென்ட்ல கை வெச்சா சுடலயேன்னு வீட்டுல ஆரம்பிப்பாங்க. ஃபர்னஸ் காத்து 50 டிகிரிக்கு மேல வரும், இது 35, 40 பக்கம்தான் வரும், ஆனா விடாம ஓடிட்டே இருக்கும், ரூம் டெம்பரேச்சர் புடிச்சு நின்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். அடுத்து டீஃப்ராஸ்ட். நல்லா ஓடிட்டு இருக்கும்போதே ஃபேன் நின்னுடும், உள்ள வால்வு திரும்பற சத்தம் புஸ்ஸுனு வரும், கொஞ்ச நேரத்துல யூனிட்லேர்ந்து வெள்ளையா ஆவி கெளம்பும், பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியா பாத்துட்டு தீப்புடிச்சிருச்சோன்னு கதவைத் தட்டினாரு பாவம். அது தீயும் இல்ல புகையும் இல்ல, வெளி யூனிட்டைச் சுத்தி இருக்கற காயில் (குழாய் வலை) மேல படிஞ்ச பனியை உருக்கறதுக்காக சிஸ்டம் கொஞ்ச நேரம் ஏசி மோடுக்கு மாறி சூடான கேஸை (ஃபர்னஸ் கேஸ் இல்ல, பைப்புக்குள்ள சுத்தற ரெஃப்ரிஜரன்ட்) வெளி காயிலுக்கு அனுப்புது, பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும், அதுவரைக்கும் உள்ள ஃபர்னஸ் பாத்துக்கும். மைனஸ் 20ல இது அடிக்கடி வராது, காத்துல ஈரமே இருக்காது. 0லேர்ந்து 4 டிகிரி வரைக்கும் இருக்கும் பாருங்க, ஒரு மாதிரி சொதசொதன்னு, அந்த மாதிரி நாள்லதான் அடிக்கடி வரும்.

ஆனா டீஃப்ராஸ்ட் வராமலோ, வந்தும் பனி போகாமலோ மொத்த காயிலும் வெள்ளைக்கட்டியா நின்னா அது பிரச்சனைதான். எங்களுக்கு ஒரு ஜனவரில அப்படி ஆச்சு. மொதல்ல வந்த ஒரு கம்பெனி ஆள் கேஜ் மாட்டி பாத்துட்டு பிரஷர் கம்மியா இருக்கு, கேஸ் லீக், ரெண்டு மூணு பவுண்டு ஏத்தணும்னு எஸ்டிமேட் நீட்டினாரு. எனக்கு அது உறுத்துச்சு, ஏன்னா காயில் முழுக்க ஐஸ் மூடியிருந்தா காத்தே உள்ள போகாது, சூடு எடுக்க முடியாது, அப்ப சக்ஷன் பிரஷர் (கம்ப்ரஸருக்குள்ள போற பக்கத்து பிரஷர்) தன்னால எறங்கத்தான் செய்யும், அதைப் பாத்து கேஸ் கம்மின்னு எப்படி முடிவு பண்ண முடியும்? லீக் எங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. அவரை அனுப்பிட்டு தெர்மோஸ்டாட்டை எமர்ஜென்சி ஹீட்ல போட்டு ஃபர்னஸ்ல ஓட்டினோம்.

அப்புறம் நண்பர் சொல்லி ஸ்கார்பரோலேர்ந்து ஒரு யாழ்ப்பாணத் தம்பி வந்தாரு. வந்ததும் கேஜைத் தொடவே இல்ல, மொதல்ல ஐஸை முழுசா உருக்கினாரு, பவரை ஆஃப் பண்ணி பேனலைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தாரு. "காஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கும் அண்ணை. இஞ்ச பாருங்கோ, சென்சர் கிளிப் கழண்டு தொங்குது, பைப்பிலயே முட்டேல்ல, பிறகு எப்பிடி டீஃப்ரொஸ்ட் வரும்?" பாத்தா சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குப்பி, அதோட ஸ்பிரிங் கிளிப் துருப்புடிச்சு உடைஞ்சு வயரோட அந்தரத்துல ஆடிட்டு இருக்கு. காயில் எவ்ளோ சில்லுனு இருக்குன்னு யூனிட்டோட கன்ட்ரோல் போர்டுக்கு சொல்றதே அந்த சென்சர்தான், அது பைப்பை விட்டு வெளிக்காத்துல தொங்கினா காயிலும் வெளிக்காத்து அளவுதான் இருக்குன்னு போர்டு நம்பிரும், பனி படிஞ்சது அதுக்குத் தெரியவே தெரியாது. புது கிளிப் போட்டு சுத்தி இன்சுலேஷன் டேப் ஒட்டினாரு, அன்னிக்கே சரியாயிருச்சு. கேஸ் ஏத்தியிருந்தா காசும் போயிருக்கும், அளவுக்கு மேல கேஸ் ஏறி கம்ப்ரஸருக்கும் கேடு வந்திருக்கும். இது மூடின சிஸ்டம், கேஸ் தானா தீராது, கொறைஞ்சிருந்தா எங்கயோ ஓட்டை இருக்கு, அதை அடைக்காம வருஷா வருஷம் டாப் அப் பண்றது சர்வீஸே இல்ல. ஒன்டாரியோல ரெஃப்ரிஜரன்ட் தொடறதுக்கு ஓ.டி.பி. கார்டு (ஓசோனைக் கெடுக்கற கேஸ்களைக் கையாளப் பயிற்சி எடுத்ததுக்கான அட்டை) வேணும், ஏசி மெக்கானிக் வேலைக்கே 313ஏ இல்லன்னா 313டி லைசென்ஸ் வேணும், வர்றவர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க.

ஐஸை உருக்கறதுன்னா ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், கத்தி இதெல்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க. காயில் மேல வரிசையா இருக்கற தகடு, அதாவது ஃபின், மெல்லிசு அலுமினியம், அதுக்குப் பின்னாடி ஓடுற டியூபும் ஒண்ணும் தடி இல்ல, ஒரு குத்துல மொத்த கேஸும் போயிரும். யூனிட்டை ஆஃப் பண்ணிட்டு வெதுவெதுன்னு தண்ணியை மெதுவா ஊத்தினாலே போதும், கொதிக்கற தண்ணி வேணாம். அப்படியே அடில இருக்கற டிரெய்ன் ஓட்டை அடைச்சிருக்கா, மேல கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற கட்டர்லேர்ந்து தண்ணி சொட்டுதான்னும் பாருங்க.

இப்ப கரண்ட் விஷயம், இதுல மட்டும் அவசரமே கூடாது. நான் யூனிட்டுகிட்ட போறதுக்கு முன்னாடி தெர்மோஸ்டாட் ஆஃப், அப்புறம் வெளி செவத்துல இருக்கற டிஸ்கனெக்டை (யூனிட்டுக்குப் போற கரண்டைத் துண்டிக்கற டப்பால இருக்கற பிளக்) உருவிடுவேன், அப்புறம் பேஸ்மென்ட் பேனல்ல அதோட டபுள் பிரேக்கரையும் எறக்கிடுவேன். டிஸ்கனெக்டை உருவிட்டா போதும்னு பலர் நெனைக்கறாங்க, ஆனா அந்த டப்பாக்குள்ள பேனல்லேர்ந்து வர்ற பக்கம் இன்னும் 240 வோல்ட் இருக்கும். உள்ள ஃபர்னஸ்லேர்ந்து வர்ற கன்ட்ரோல் வயர் தனி, அதுக்கு ஃபர்னஸ் ஸ்விட்சையும் அணைக்கணும். பிரேக்கர் எறக்கினாலும் இன்வர்டர் போர்டுல (கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் கொறைக்கறது, வீட்டு பேட்டரி இன்வர்டர் இல்ல) இருக்கற பெரிய கெபாசிட்டர்கள்ல 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் நிக்கும், எங்க யூனிட்ல 10 நிமிஷம் வெயிட் பண்ணச் சொல்லி ஸ்டிக்கரே இருக்கு. அந்த எலக்ட்ரிக்கல் கவரை நான் திறக்கறதே இல்ல, வெளிய கழுவறதுக்குத்தான் இவ்ளோ ஆர்ப்பாட்டமும்.

பிராம்ப்டன்ல நண்பர் வீட்டுல இருக்கறது பழைய மாடல், இன்வர்டர் இல்ல, கான்டாக்டரும் (கம்ப்ரஸருக்குப் போற கரண்டை சேத்துப் பிரிக்கற ஸ்விட்ச்) கெபாசிட்டரும் வெச்சது. அதுல கான்டாக்டர் சிங்கிள் போல்னா ஒரு வயர் மட்டும்தான் கட் ஆகும், இன்னொண்ணு யூனிட் ஓடாம சும்மா நிக்கும்போதும் கம்ப்ரஸர் வரைக்கும் லைவ்ல இருக்கும். ஃபேன் நிக்குது, கரண்ட் இல்லன்னு கை விடற ஆளுக்கு அங்கதான் ஆபத்து. அவர் வீட்டுல ஒரு நாள் ஊஊன்னு சத்தம் வருது, ஆனா எதுவும் ஓடல, மெக்கானிக் வந்து பாத்தா கான்டாக்டர் முனைக்கு நடுவுல எறும்பு நசுங்கி கரியாப் போயிருக்கு. எறும்புக்கு எலக்ட்ரிக் டப்பான்னா என்னவோ அவ்ளோ ஆசை.

கழுவறதுக்கு நான் பாக்கற நேரம் ஜூன் கடைசி. இங்க காட்டன்வுட் மரம் ஜூன் மொத பாதி முழுக்க பஞ்சைப் பறக்கவிடும், அது அப்படியே காயில் மேல போர்வை மாதிரி ஒட்டிக்கும், அதுக்கு முன்னாடி கழுவினா ரெண்டு வேலை. மொதல்ல காய்ஞ்ச பஞ்சை சாஃப்ட் பிரஷ்ஷால ஃபின் போற வாக்குல, அதாவது மேலேர்ந்து கீழ தள்ளி எடுத்துடணும், நனைச்சுட்டா உள்ள போய் களியாயிரும். அப்புறம் கார்டன் ஹோஸ்ல லேசா. பிரஷர் வாஷர் அடிச்சா ஃபின் எல்லாம் படுத்துரும், காத்து போற வழியே இருக்காது. கிளவுஸ் கட்டாயம், ஃபின் விளிம்பு பிளேடு. நாய் வளக்கறவங்க யூனிட் பக்கம் அது காலைத் தூக்காம பாத்துக்கோங்க, மூத்திரம் அலுமினியத்தை அரிச்சிரும்.

ஏசிக்கு விண்டர்ல கவர் போட்ட பழக்கத்துல இதுக்கும் போட்டுறாதீங்க, இது விண்டர்லதான் ஜாஸ்தி ஓடுது. எங்களோடது ஒன்றரை அடி ஸ்டாண்ட் மேல நிக்குது, அதனால சாதா ஸ்னோ எட்டாது, பெரிய புயல் அடிச்சா மட்டும் பின்னாடி ஒரு அடியும் ஃபேன் முன்னாடி நல்லா தள்ளியும் கிளியர் பண்ணிடுவேன். டிரைவ்வே ஸ்னோவை தூக்கி யூனிட் பக்கம் குவிக்கற ஸ்னோ கான்ட்ராக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும், இல்லன்னா மூடிட்டுப் போயிடுவாங்க.

ஓடலன்னா ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி உள்ள ஃபில்டரைப் பாருங்க, சீரியஸா. ஃபில்டர் அடைச்சிருந்தா காத்து போகாது, ஹீட்டிங்ல பிரஷர் ஏறி யூனிட் தானா நின்னுடும். தெர்மோஸ்டாட் பேட்டரி, பிரேக்கர், பெட்டி சோபா மறைச்ச வென்ட், இதெல்லாம் பாத்துட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சில நிமிஷம் காத்திருக்கணும், கம்ப்ரஸரைக் காப்பாத்த டிலே வெச்சிருப்பாங்க, பொறுமை இல்லாம திரும்பத் திரும்பத் தட்டினா டிலேயும் திரும்பத் திரும்ப ஆரம்பிக்கும். பிரேக்கர் ஒரு தடவை ரீசெட் பண்ணியும் மறுபடி விழுந்தா அதோட கையை எடுத்துடணும். போர்டுல எல்.இ.டி. சிமிட்டறது வெளியிலேர்ந்து தெரியற மாடல்னா ஃபோன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க, எத்தனை தடவை சிமிட்டுதுங்கறதுதான் எரர் கோட், மெக்கானிக் வரும்போது அது சிமிட்டாது, அதான் வழக்கம். கடுங்குளிர்ல பல மணி நேரம் கரண்ட் போயிருந்தா வந்த உடனே ஓட்டாதீங்க, கம்ப்ரஸர் அடில ஆயிலை சூடா வெச்சிருக்கற ஹீட்டரும் அணைஞ்சிருக்கும், மேனுவல்ல சொல்ற நேரம் வரைக்கும் எமர்ஜென்சி ஹீட்லயே விட்டுடுங்க.

பில் பத்தி ஒண்ணே ஒண்ணு. தெர்மோஸ்டாட்டை நைட்டு ரொம்ப கொறைச்சு வெச்சுட்டு காலைல ஒரேடியா ஏத்தினா ஹீட் பம்ப் எட்டிப் புடிக்க முடியாம ஃபர்னஸ் ஓடும், அதனால நாங்க ராத்திரியும் பகலும் கிட்டத்தட்ட ஒரே அளவுல விட்டுட்டோம். 2023 மே மாசம் வந்த அல்ட்ரா லோ ஓவர்நைட்ங்கற கரண்ட் பிளான்ல ராத்திரி 11லேர்ந்து காலை 7 வரைக்கும் ரேட் ரொம்ப கம்மி, அதுக்கு பதிலா வார நாள்ல சாயங்காலம் 4லேர்ந்து 9 வரைக்கும் தீட்டிடுவாங்க, அந்த அஞ்சு மணி நேரம் ஃபர்னஸுக்கு மாத்தற மாதிரி செட் பண்ணி வெச்சிருக்கேன்.