ரிப்போர்ட் நன்றாக வந்தது, நான் படுத்துவிட்டேன்: தைராய்டு "சத்துப் பேக்" பற்றி ஒரு எச்சரிக்கை

ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு சுரப்பு குறைவாக இருக்கிறவர்கள், கூடவே இரும்பு, வைட்டமின் டி, பி12 எல்லாம் குறைவு என்று ரிப்போர்ட்டில் வந்தவர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். ஐந்து மாதம் ஏமாந்திருக்கிறேன். ஏமாற்றியவரின் பெயரை இங்கே போடப்போவதில்லை, புகார் கொடுத்தாயிற்று, அது தனியாக நடக்கட்டும். அவர் என்னென்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதே மாதிரி ஒருவர் உங்களிடம் வந்தால் அடையாளம் தெரியும்.

எனக்குத் தைராய்டு பல வருடமாக இருக்கிறது. ஹாஷிமோட்டோ வகை, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குகிற வகை. தினமும் 75 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை. டிஎஸ்எச் (சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) 3-ஐ ஒட்டி ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. அப்படியும் அசதி போகவில்லை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ரத்தம் பார்த்ததில் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9, வைட்டமின் டி 11, பி12-உம் குறைவு. டாக்டர் மூன்று மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆன்லைனில் தைராய்டு ஊட்டச்சத்து ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் போனேன். முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். "உங்களுக்கு யாருமே சரியாக விளக்கவில்லையே" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் அவர் என்ன சொன்னாலும் தலையாட்டும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பேக் வந்தது, நான்கு டப்பா. இரும்பும் கால்சியமும் சேர்த்த ஒன்று, கடற்பாசி காப்ஸ்யூல், செலினியம், பிறகு "முடி, நகம், தோல்" என்று போட்ட ஒரு டப்பா. காலையில் தைராய்டு மாத்திரையோடு எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிடுங்கள், மறக்காது என்றார். முதல் தப்பு இதுதான். இரும்பும் கால்சியமும் குடலில் லெவோதைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை ரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும், அதனால் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், காபியும் சாப்பாடும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். போதாததற்குக் கால்சியம் இரும்பு சேர்வதையும் குறைக்கும், அதனால் ஒரே டப்பாவில் இரண்டையும் அடைத்து விற்றதில் எனக்கு இரும்பும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

கடற்பாசியும் அப்படித்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம், அவர் சொன்ன கணக்கில் எனக்கு 1000 போய்க்கொண்டிருந்தது. ஹாஷிமோட்டோ இருக்கிறவர்களுக்கு அயோடின் கூடினால் சுரப்பி இன்னும் மந்தமாகலாம்.

ஆனால் என்னை உண்மையில் கவிழ்த்தது அந்த நான்காவது டப்பா.

இரண்டு மாதம் கழித்து அவரே ரத்தம் பார்க்கச் சொன்னார். டிஎஸ்எச் 0.08, ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் வரம்புக்கு மேலே. "பார்த்தீர்களா, சுரப்பி விழித்துக்கொண்டது, மாத்திரையைப் பாதியாக்குங்கள்" என்றார். என் ரிப்போர்ட்டை அவருடைய வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார், நிறையப் பேர் வாழ்த்தினார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அதே மாதிரிதான் வந்தது, மாத்திரையை நிறுத்தியே விடச் சொன்னார். நிறுத்தினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு உடம்பு இறங்கிக்கொண்டே போனது. குரல் கரகரத்தது, முகம் ஊதியது, எல்லோரும் மின்விசிறியைக் கூட்டுகிற அறையில் நான் போர்வைக்குள் இருந்தேன், மோதிரம் சோப்புப் போட்டாலும் கழலவில்லை. அவரிடம் சொன்னால், உடம்பில் இருக்கும் நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வரும்.

கடைசியில் வீட்டில் இருப்பவர்கள் வேறொரு டாக்டரிடம் இழுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாடித்துடிப்பு 52. நாற்காலியில் முழங்காலிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரைச் சின்ன சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது, ஆனால் திரும்பி வருவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது, எனக்கே தெரிந்தது. "தைராய்டு கூடியவருடைய கால் இப்படி வராது" என்றார். அடுத்த கேள்வி: "முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

டப்பாவைக் காட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் பயோட்டின் என்ற வைட்டமின் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 30 போதும்.

இதைக் கவனமாகப் படியுங்கள். ஹார்மோனை அளக்கும் பல லேப் முறைகள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்வதை வைத்து வேலை செய்கின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய இருந்தால் அது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கையே மாற்றிவிடும். டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும், பார்ப்பவருக்குத் தைராய்டு கூடுதல் என்றே தோன்றும். எல்லா லேபிலும் இப்படி ஆகாது, உங்கள் லேப் எந்த முறை என்பது உங்களுக்குத் தெரியப்போவதும் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது, பயோட்டினால் ட்ரோபோனின் என்ற மாரடைப்புப் பரிசோதனை தவறாகக் குறைவாக வந்து ஒருவர் இறந்ததையும் அதில் சொல்லியிருக்கிறது. அந்த ஆலோசகர் இதைத் தெரிந்தே செய்தாரா, தெரியாமலா என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாதவருக்கு ஒருவருடைய மாத்திரையை நிறுத்தச் சொல்ல என்ன உரிமை?

பயோட்டினை நிறுத்தி நான்கு நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். டிஎஸ்எச் 68.

பழைய அளவு மாத்திரைக்கே திரும்பினேன். லெவோதைராக்சின் உடம்பில் நிலைக்க வாரக்கணக்கில் ஆகும், 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்க்க வேண்டும், அவசரப்பட்டுப் பார்த்து அளவை மாற்றக் கூடாது என்று இந்த டாக்டர் சொன்னார். இரும்பு இப்போது மதியம், கால்சியம் தேவையில்லை என்று எடுத்துவிட்டார். பி12 ஏன் குறைந்தது என்பதையும் தேடினார், ஹாஷிமோட்டோ இருப்பவர்களில் சிலருக்கு இரைப்பையையும் எதிர்ப்பு சக்தி தாக்கும், அப்போது பி12 ஒழுங்காகச் சேராதாம். எனக்கு ஊசியாகப் போட்டார்கள். சத்துக் குறைபாடு பொய் இல்லை, எனக்கு இருந்தது, சரிசெய்ய வேண்டியதுதான். அதைக் காட்டித்தான் மொத்தப் பேக்கையும் என் தலையில் கட்டினார்கள்.

நீங்கள் தைராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் முடிக்கான டப்பாவின் பின்பக்கத்தை இன்றே பாருங்கள். பயோட்டின் இருந்தால் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், குறைந்தது இரண்டு நாள், அளவு அதிகமென்றால் இன்னும் கூடுதலாக நிறுத்தச் சொல்வார்.

அந்தக் குழுவில் நடந்ததை எழுதினேன், பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். ஒரே ஒருவருடைய எண் மட்டும் என்னிடம் இருந்தது. குழந்தைக்காக முயன்றுகொண்டிருந்தவர், மாத்திரையைப் பாதியாக்கியிருந்தார். கர்ப்பத்தில் முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் வேண்டும் என்று சொல்லி, அன்றே டாக்டரிடம் போகச் சொன்னேன், போனார். மற்றவர்களின் எண் என்னிடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.