டெல்நெட்டா, எஸ்எஸ்எச்சா?

எங்கோ இருக்கும் கணினியை நம் மேசையிலிருந்தே இயக்கத்தான் இரண்டும். டெல்நெட் 1969-இல் பிறந்தது. அப்போது வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், பூட்டுப் போடும் யோசனையே யாருக்கும் வரவில்லை. கடவுச்சொல் அப்படியே வெட்டவெளிச்சமாகப் போகும். நடுவில் யாராவது வயர்ஷார்க்கை (வலையில் போகும் தரவை எடுத்துக் காட்டும் மென்பொருள்) திறந்துவைத்திருந்தால், நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பாக்கெட்டாக, அதாவது சிறு தரவுப் பொட்டலமாக, வந்து விழும். ஒருமுறை அதைப் பார்த்தவர் அப்புறம் டெல்நெட்டின் வாசலான 23-ஆம் போர்ட்டைத் திறந்துவைக்க மாட்டார்.

ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடுபோன பிறகுதான், 1995-இல் டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். இதில் எல்லாமே மறையாக்கம்: நடுவில் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. கடவுச்சொல்லே வேண்டாம் என்றால் சாவிக்கோப்பு வைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள ரகசியச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது.

சரி, கவலை தீர்ந்ததா? முழுக்க இல்லை. முதல்முறை இணையும்போது சர்வரின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எழுத்துக்கோவையை) காட்டி, நம்பலாமா என்று கேட்கும். நாமோ பார்க்காமலே ‘யெஸ்’ தட்டிவிடுவோம். நடுவில் ஒருவன் புகுந்து ஏமாற்ற அந்த ஒரு நொடி போதும்.

டெல்நெட் இன்னும் பழைய ரவுட்டர்களிலும் கேமராக்களிலும் உயிரோடிருக்கிறது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது அந்த வாசல் வழியாகத்தான்: பெட்டியில் வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை.