ஃபோட்டோஷாப்பில் பின்னணி மாற்றம்: வெட்டுவதில் கில்லாடி, ஒட்டுவதில் பாதிதான்

போர்ட்ரெய்ட் படத்தின் பின்னணியைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைப்பதற்காக ஃபோட்டோஷாப் சந்தா கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு: ஆளைத் தனியாக வெட்டி எடுப்பதில் இதை அடித்துக்கொள்ள இன்னொன்று சிக்குவது கஷ்டம். ஆனால் வெட்டி எடுத்தவரைப் புது இடத்தில் நம்பும்படி நிற்கவைப்பது இன்னும் பெரும்பாலும் உங்கள் கண்ணை நம்பித்தான் இருக்கிறது.

2018-ல் செலக்ட் சப்ஜெக்ட் என்ற வசதி வந்ததிலிருந்து, கையால் கோடு வரைந்து வெட்டும் பென் டூலைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுற்றி ஊர்ந்துபோகும் வேலை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஒரு கிளிக், ஆள் செலக்ட் ஆகிவிடுவார். ரிமூவ் பேக்ரவுண்ட் பட்டனும் இருக்கிறது. அது பின்னணியை அழிப்பதில்லை, லேயர் மாஸ்க் போட்டு மறைக்கிறது, அவ்வளவுதான். மாஸ்க் என்பது படத்தின் அடுக்கின் (லேயர்) மேல் போடும் திரை மாதிரி: கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசிய இடம் பாதி தெரியும். அதனால் காது நுனியோ சட்டைக் காலரோ காணாமல் போனால் மாஸ்க்கின் மேல் வெள்ளை பிரஷ்ஷைத் தேய்த்தால் திரும்பி வந்துவிடும். எரேசரை மட்டும் தொடாதீர்கள், அதில் போனது போனதுதான்.

முடிதான் உண்மையான பரீட்சை. வெட்டிய ஓரத்தைச் சீராக்கும் செலக்ட் அண்ட் மாஸ்க்குக்குள் போனால் ரிஃபைன் ஹேர் என்று ஒரு பட்டன், வெளிர் நிறச் சுவருக்கு முன்னால் கறுப்புமுடி என்றால் சுருள்முடியைக்கூட இழை இழையாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அதே முடி இருட்டான பின்னணியில் இருந்தால் கதை வேறு: எது முடி, எது நிழல் என்று அதற்கும் தெரியாது, ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அப்போது பட்டனை நம்பாமல் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை எடுத்து முடி முடியும் இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டு ஏ (A), டி (T) விசைகளை அழுத்தி முதலில் கறுப்பிலும் பிறகு வெள்ளையிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை மற்றொன்றில் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் நிறக்கசிவு. பச்சைச் செடிகளுக்கு முன்னால் எடுத்த படம் என்றால் தோள்பட்டையிலும் முடியோரத்திலும் மெல்லிய பச்சை ஒட்டியிருக்கும், பழைய இடத்தில் யாருக்கும் உறுத்தாது, சாம்பல் பின்னணியில் வைத்ததும் உடனே காட்டிக்கொடுக்கும். அதே செலக்ட் அண்ட் மாஸ்க்கில் இருக்கும் டீகண்டாமினேட் கலர்ஸ் அதை ஓரளவு துடைத்துவிடும். இது ஓரத்துப் பிக்சல்களின் நிறத்தையே மாற்றும் என்பதால் முடிவைப் புது லேயரில்தான் தரும், அசல் பத்திரமாக இருக்கும். ஓரத்தை உள்ளே வெளியே நகர்த்தும் ஷிஃப்ட் எட்ஜைக் கொஞ்சம் மைனஸ் பக்கம் இழுத்தால் மிச்சமிருக்கும் வெள்ளைக் கோடும் போகும், ஆனால் ரொம்ப இழுத்தால் காதும் விரலும் இளைத்துவிடும்.

மூக்குக்கண்ணாடியும் மெல்லிய துணியும் இன்னும் தலைவலிதான். கண்ணாடி வழியாகப் பழைய பின்னணி எட்டிப்பார்க்கும், அதற்கு மாஸ்க்கில் சாம்பல் நிறத்தைக் கையால் பூசுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சரி, வெட்டியாயிற்று. பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது இதற்குப் பிறகுதான், முடியை நொந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை. முகத்தில் வெளிச்சம் இடதுபுறமிருந்து விழுகிறது, புதுப் பின்னணியில் சூரியன் வலதுபுறம் இருக்கிறது என்றால் வெட்டும் பட்டன் எதுவும் காப்பாற்றாது, பின்னணியைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலமாகத் திருப்பிப் போடுங்கள், பெயர்ப்பலகை ஏதும் இல்லையென்றால் யாருக்கும் தெரியாது. ஆளை எடுத்த லென்ஸ் பின்புலத்தை மங்கலாக்கியிருக்கும், புதுப் பின்னணி மட்டும் இலை இலையாகத் தெளிவாக இருந்தால் ஆளைக் கத்தரித்து ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். புதுப் பின்னணியை லென்ஸ் பிளர் போட்டு மங்கலாக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஆள் முழு உயரத்துக்கு நிற்கும் படமாக இருந்தால் காலடித் தரையை மட்டும் மங்கலாக்காமல் விடவேண்டும். கடைசியில் எல்லா லேயர்களுக்கும் மேலே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் ஒரே கர்வ்ஸ், மணல் தூவியதுபோல் கொஞ்சம் கிரெயின். இரண்டு படங்களையும் ஒரே கேமராவில் எடுத்ததுபோல் ஆக்குவது இதுதான்.

2025-ல் வந்த ஹார்மனைஸ் என்ற வசதி இந்த ஒட்டுகிற வேலையைத் தானே செய்யப் பார்க்கிறது, வெளிச்சம், நிறம், நிழல் எல்லாவற்றையும் பின்னணிக்கு ஏற்றபடி மாற்றும். நிழல் போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் படத்தைப் புதிதாக உருவாக்கித் தரும் ஏஐ வகை என்பதால் கண்ணையும் வாயையும் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

எப்போதாவது ஒரு படம்தான் என்றால் சந்தா வீண். பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீயாவில் மாஸ்க்கும் உண்டு, ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி (PSD) கோப்பும் திறக்கும். இலவச மென்பொருளான கிம்ப்பில் ஆளைப் பிரித்தெடுக்க ஃபோர்கிரவுண்ட் செலக்ட் இருக்கிறது, முடியையும் சுமாராகப் பிடிக்கும், பெரிய படத்தில் பொறுமை வேண்டும். படத்தை ஏற்றினால் நொடியில் பின்னணியை நீக்கித் தரும் தளங்களில் இலவசமாகக் கிடைப்பது பல நேரங்களில் சிறிய அளவுப் படம்தான், பிரொஃபைல் படத்துக்குப் போதும், பிரிண்டுக்கு ஆகாது.