ஆறு கருவிகளா, ஒரே கருவியா? ஜப்பானிய ஜிம்னாஸ்டின் இரு பாதைகள்

ஜப்பானில் முன்னணிக்கு வரும் ஆடவர் ஜிம்னாஸ்ட், ஆறு கருவிகளிலும் (தரை, பிடிக்குதிரை, வளையம், தாண்டல், இணைகம்பி, உயர்கம்பி) போட்டியிடுவதா, ஒன்றிரண்டில் மட்டும் ஊன்றி நிற்பதா என்பதை ஒரு கட்டத்தில் தீர்மானித்தாக வேண்டும்.

அணியில் இடம்: அணி இறுதிப்போட்டியில் கருவிக்கு மூவரே இறங்கி, மூவரின் மதிப்பெண்களும் சேர்க்கப்படுவதால், அனைத்தும் செய்பவருக்கே வாய்ப்பு அதிகம். தனிக்கருவி வீரர் அந்த ஒன்றில் உலகத் தரத்தில் இருக்க வேண்டும்.

பட்டம்: உச்சிமுரா கோஹெய் 2009 முதல் 2016 வரை உலகப் போட்டிகளிலும் ஒலிம்பிக்கிலும் எட்டு பல்கருவிப் (ஆறு கருவிகளின் மதிப்பெண்களும் சேர்ந்த) பட்டங்களைத் தொடர்ந்து வென்றார், 2016 ரியோ ஒலிம்பிக்கில் கடைசிக் கருவியான உயர்கம்பிக்கு வரும்போது 0.901 புள்ளி பின்தங்கியிருந்தும், அதில் 15.800 பெற்று, உக்ரைனின் வெர்னியாயெவை வெறும் 0.099 புள்ளியில் முந்தியது வியக்கத்தக்க சாதனை. தனிக்கருவியிலோ, ஷிராய் கென்சோ 2013இல் 17 வயதிலேயே தரைப்பயிற்சியில் உலகச் சாம்பியனானார்.

உடல்: தோள் வலியால் உயர்கம்பிக்கு மட்டும் சுருங்கிய உச்சிமுராவுக்கு அதுவே டோக்கியோ ஒலிம்பிக் வரை வழிவிட்டது, ஆயினும் தகுதிச்சுற்றில் கைநழுவி விழுந்ததும் அனைத்தும் முடிந்தது, ஈடுகட்ட வேறு கருவி இல்லை.

அணித் தங்கத்தை நாடும் இளைஞருக்கு ஆறு கருவிகளே பொருந்தும். காயம் சுமக்கும் மூத்தவருக்கும், ஒரே திறனில் தனித்து மிளிர்பவருக்கும் தனிக்கருவி ஏற்றது.