விமானப் பயணிகள் எண்ணிக்கையைக் கணிக்க ஆர் மொழியின் ஃபோர்காஸ்ட் பேக்கேஜ்: எதற்கு நம்பலாம், எங்கே நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்

மாதாமாதம் எத்தனை பேர் விமானத்தில் போனார்கள் என்ற கணக்கு கையில் இருக்கிறது, அதை வைத்து அடுத்த ஒன்றிரண்டு வருடத்தைக் கணிக்க வேண்டும், இதற்கென்று லைசென்ஸ் கட்டி மென்பொருள் வாங்கும் நிலையில் இல்லை என்றால், நான் முதலில் சொல்வது புள்ளியியலுக்கான நிரல் மொழியான ஆரின் ஃபோர்காஸ்ட் பேக்கேஜைத்தான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராப் ஹைண்ட்மனும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதியது. இலவசம். உள்ளே என்ன நடக்கிறது என்று நிரலைத் திறந்தே பார்த்துக்கொள்ளலாம். இதன் ஆட்டோ அரிமா என்ற ஃபங்ஷன் தொடரை எத்தனை முறை வித்தியாசம் எடுக்க வேண்டும் (அதாவது ஒவ்வொரு எண்ணிலிருந்தும் முந்தைய எண்ணைக் கழிக்க வேண்டும்) என்று சோதித்து, அப்புறம் பல அரிமா மாடல்களை, அதாவது முந்தைய எண்களையும் முந்தைய கணிப்புப் பிழைகளையும் வைத்து அடுத்ததைக் கணிப்பவற்றை, ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, பொருத்தத்தையும் மாடலின் சிக்கலையும் சேர்த்து எடைபோடும் திருத்திய ஏஐசி அளவு எதற்குக் குறைவோ அதைக் கையில் கொடுக்கும். ஒரு புள்ளியியல் மாணவர் ஒரு வாரம் வரைபடம் போட்டுத் தேடுவதை இது சில விநாடியில் முடிக்கிறது. ஆனால் வெறும் ஒரு வரி எழுதி என்டர் தட்டுபவர்களுக்கு ஒரு பெரிய பள்ளம் காத்திருக்கிறது, இந்த விமர்சனத்தை எழுத முக்கியக் காரணமே அதுதான்.

ஆரிலேயே கூடவே வரும் ஏர்பாசஞ்சர்ஸ் டேட்டாவை எடுத்துக்கொள்வோம். 1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை, 144 மாதங்களின் சர்வதேச விமானப் பயணிகள் எண்ணிக்கை, ஆயிரத்தில். 1949ல் ஜூலை மாதம் 148, நவம்பரில் 104, ஆக உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவே 44 ஆயிரம். 1960ல் அதே ஜூலை 622, நவம்பர் 390. வித்தியாசம் 232 ஆயிரம். அதாவது பயணிகள் பெருகப் பெருக சீசனின் ஏற்ற இறக்கமும் கூடவே பெருகுகிறது. இந்தத் தொடரை அப்படியே ஆட்டோ அரிமாவிடம் கொடுத்தால் (2,1,1)(0,1,0) என்ற மாடலைத் தேர்ந்தெடுக்கும் (இது மாடலின் வகையைச் சொல்லும் குறியீடு, முதல் அடைப்பு மாதத்துக்கு மாதம் நடப்பதற்கு, இரண்டாவது சீசனுக்கு). அந்த மாடலின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: அது போன வருடத்தின் வடிவத்தை அப்படியே எடுத்து மேலே தூக்கி வைக்கிறது, அவ்வளவுதான். 1960ல் இருந்த 232 ஆயிரம் வித்தியாசமே 1961க்கும் 1962க்கும் ஏறக்குறைய அப்படியே தொடரும். பன்னிரண்டு வருடமாக விரிந்துகொண்டே வந்த சீசன் திடீரென்று உறைந்துவிடுமா? படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் பலர் கண்டுகொள்வதில்லை.

இப்போது லாம்டா என்ற இடத்தில் பூஜ்யம் என்று மட்டும் கொடுங்கள், அதாவது லாக் (மடக்கை) எடுத்து, பெருகிக்கொண்டே போகும் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். கிடைப்பது (0,1,1)(0,1,1). புள்ளியியலாளர்கள் பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரும் 1970ல் இதே தொடருக்குப் பொருத்திக் காட்டிய அதே மாடல், துறையில் இதற்கு ஏர்லைன் மாடல் என்றே பேர் நிலைத்துவிட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மதிப்பிட வேண்டிய குணகங்கள் இரண்டே இரண்டு என்பதுதான், சுமார் 0.40, சுமார் 0.56. இவை சும்மா எண்கள் இல்லை, படிக்கத் தெரிந்தால் பேசும். இந்த மாதம் எதிர்பார்த்ததைவிட 10 சதவீதம் கூடுதல் கூட்டம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், மாடல் அதில் சுமார் 6 சதவீதத்தை நிரந்தர உயர்வாக எடுத்துக்கொண்டு அடுத்து வரும் மாதங்களின் கணிப்பை உயர்த்துகிறது, மிச்சத்தைத் தற்செயல் என்று விட்டுவிடுகிறது. அடுத்த வருடம் இதே மாதம் வரும்போது மேலும் ஒரு 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சேர்க்கிறது, ஏனென்றால் அந்த மாதத்தின் சீசனே மாறியிருக்கலாம் என்பதற்கும் அது இடம் கொடுக்கிறது. ஒரு அனுபவமுள்ள ரூட் மேனேஜர் மனதுக்குள் போடும் கணக்கு கிட்டத்தட்ட இதுவேதான்! ஒரு மாதம் முன்னோக்கிய கணிப்பில் எச்சப் பிழையின் (கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தின்) திட்டவிலக்கம் 3.7 சதவீதம் அளவில் வருகிறது, இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

கணிப்போடு 80, 95 சதவீத இடைவெளிகளையும், அதாவது உண்மை எண் அத்தனை சதவீத வாய்ப்போடு விழும் எல்லைகளையும், இது தானாகவே தருகிறது. ஒற்றை எண்ணை மட்டும் மேலிடத்துக்கு அனுப்பாதீர்கள், இடைவெளியையும் சேர்த்தே அனுப்புங்கள். அதே நேரத்தில் அந்த இடைவெளி உண்மையில் இருக்க வேண்டியதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் குணகங்களை மதிப்பிட்டதில் உள்ள சந்தேகமும், மாடலைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள சந்தேகமும் அரிமா இடைவெளியில் சேர்வதில்லை.

இன்னொரு நுணுக்கம், பலர் தவறவிடுவது. லாக் எடுத்துக் கணித்துவிட்டுத் திரும்ப மாற்றும்போது நமக்குக் கிடைப்பது சராசரி இல்லை, இடைநிலை, அதாவது உண்மை எண் அதற்கு மேலே போகவும் கீழே போகவும் சம வாய்ப்புள்ள எண். தனி ரூட்டுக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை, ஏர்பாசஞ்சர்ஸ் மாதிரி அமைதியான தொடரில் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள சின்ன ரூட்டுகளைத் தனித்தனியாகக் கணித்து, எல்லாவற்றையும் கூட்டி மொத்தம் போடுகிறீர்கள் என்றால், இடைநிலைகளின் கூட்டல் மொத்தத்தைத் தொடர்ந்து குறைத்தே காட்டும். பயாஸ்அட்ஜ் என்ற சுவிட்சை ஆன் செய்தால் சராசரிக்குத் திருத்திக் கொடுத்துவிடும். இயல்பாக அது ஆஃபில்தான் இருக்கிறது.

சரி, இந்தக் கருவியால் முடியாதது என்ன? அது எண்களை மட்டும்தான் பார்க்கிறது, எண்ணுக்குப் பின்னால் நடந்தது அதற்குத் தெரியாது. ஹைண்ட்மன் பாடம் நடத்தப் பயன்படுத்தும் இன்னொரு டேட்டா மெல்போர்ன் - சிட்னி ரூட்டில் ஆன்செட் ஏர்லைன்ஸின் வாராந்திரப் பயணிகள், 1987 முதல் 1992 வரை. 1989ல் தொழில் தகராறு நடந்த வாரங்களில் எண்ணிக்கை பூஜ்யம். 1992ல் ஒரு கட்டத்தில் எகானமி பயணிகள் சட்டென்று குறைகிறார்கள், காரணம் மக்கள் பயணிக்க விரும்பாதது இல்லை, கம்பெனி சோதனைக்காக எகானமி சீட்டுகள் சிலவற்றை எடுத்துவிட்டு பிசினஸ் கிளாஸ் சீட்டு போட்டதுதான். சீட் இல்லாததால் ஏறாதவர்களை இந்தத் தொடர் காட்டாது. விமானத்தில் ஏறியவர்களின் எண்ணிக்கை வேறு, ஏற விரும்பியவர்களின் எண்ணிக்கை வேறு, பண்டிகை வாரத்தில் எல்லா விமானமும் நிரம்பி வழியும்போது முன்னது சீட் எண்ணிக்கையில் முட்டி நின்றுவிடும். தேவை என்ன என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், டிக்கெட் எந்தத் தேதியில் தீர்ந்தது என்ற விவரத்தையும் தேடி எடுங்கள். எந்த மாடலும் இதை உங்களுக்காகச் செய்யாது.

கொரோனா காலத்து டேட்டாவை இதில் ஓட்டும்போது ரொம்பக் கவனம் வேண்டும். இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானச் சேவை நிறுத்தப்பட்டிருந்தது, ஆக ஏப்ரல் மாதத்துக்கு எண்ணே இல்லை, பூஜ்யத்துக்கு லாக் எடுக்கவும் முடியாது. அந்த மாதங்களை விடுபட்ட மதிப்பு என்று குறித்துவிட்டால் அரிமா பக்கம் பிரச்சினை இல்லை, அந்த வெற்றிடத்தைத் தாண்டி அதுவே கணக்கைக் கொண்டுபோகும். ஆனால் இதே பேக்கேஜின் 8ஆம் வரிசைப் பதிப்புகளில் உள்ள ஈடிஎஸ் ஃபங்ஷன், அதாவது சமீபத்திய எண்களுக்கு அதிக எடை கொடுத்துக் கணிக்கும் எக்ஸ்பொனன்ஷியல் ஸ்மூத்திங் குடும்பம், விடுபட்ட மதிப்பைக் கண்டால் ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு, தொடர்ச்சியாக நீளமாக இருக்கும் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் டேட்டா 2010ல் தொடங்கினால் அந்த நீளமான துண்டு 2020க்கு முந்தையதாகத்தான் இருக்கும்! நீங்கள் அடுத்த வருடத்தைக் கணிப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, அது 2020ல் நின்றுகொண்டிருக்கும். சிவப்பு எழுத்தில் வரும் எச்சரிக்கையை வாசிக்காமல் கடந்து போகாதீர்கள்.

நம் ஊர் டேட்டாவுக்கு வரும் இன்னொரு சிக்கல் தீபாவளி. 2022ல் அக்டோபர் 24, 2023ல் நவம்பர் 12. பன்னிரண்டு மாத சீசன் என்பது அக்டோபர் எப்போதும் அக்டோபர் மாதிரியே இருக்கும் என்று நம்புவது, அதனால் பண்டிகை மாதம் மாறும் வருடத்தில் இரண்டு மாதமும் பிசகும். ஈஸ்டருக்கு இந்தப் பேக்கேஜில் தனி ஃபங்ஷனே இருக்கிறது. தீபாவளிக்கு இல்லை, நாமே மாதத்துக்கு ஒரு எண் கொண்ட ஒரு பத்தி (நெடுவரிசை) தயாரித்து, வெளிக் காரணிகளைக் கொடுப்பதற்கான எக்ஸ்ரெக் வழியாகக் கொடுக்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய சில நாட்களும் பிந்தைய சில நாட்களும் எந்த மாதத்தில் எத்தனை விழுகின்றன என்று எண்ணி ஒரு பத்தி போட்டால் போதும், வெறும் ஒன்று பூஜ்யம் போடுவதைவிட இது நன்றாகவே வேலை செய்யும். வருங்கால மாதங்களுக்கும் அதே பத்தியை நிரப்பிக் கொடுக்க வேண்டும், பஞ்சாங்கம் இருப்பதால் அது ஒரு வேலையே இல்லை.

தினசரி டேட்டாவுக்கு நான் இதைப் பெரிதாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஈடிஎஸ் 24க்கு மேற்பட்ட சீசன் நீளத்தைக் கையாளாது, இதே பேக்கேஜின் டிபேட்ஸ் என்ற ஃபங்ஷன் கையாளும், ஆனால் பொறுமை வேண்டும். ஃபேஸ்புக் 2017ல் வெளியிட்ட ப்ராஃபெட் என்ற கணிப்புக் கருவி அங்கே எளிது. ஆனால் அதிலும் இயல்பு அமைப்பு கூட்டல் சீசன்தான் (ஏற்ற இறக்கம் எப்போதும் ஒரே அளவு), பெருக்கல் சீசனை (பயணிகள் பெருக அதுவும் பெருகும்) நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இதை விளக்க அதன் ஆவணமே எடுத்துக்கொள்ளும் உதாரணம் இதே விமானப் பயணிகள் தொடர்தான்.

எந்த மாடல் வந்தாலும் கடைசி இரண்டு வருடத்தை ஒளித்து வைத்துவிட்டு முந்தையதை மட்டும் கொடுத்துக் கணிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே போன வருடத்து அதே மாத எண்ணை அப்படியே திருப்பிப் போடும் சாதாரண முறையையும் வையுங்கள். அதற்கு எஸ்நைவ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதை ஜெயிக்காத மாடலை யாரிடமும் காட்ட வேண்டாம். செக்ரெசிடுவல்ஸ் போட்டால் எச்சங்களின் படமும், அவற்றில் இன்னும் ஏதாவது தொடர்பு மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் லியுங்-பாக்ஸ் சோதனையும் ஒரே திரையில் வந்துவிடும், இந்த ஒரு வசதிக்காகவே பைத்தானில் வேலை செய்யும் நண்பர்களிடம் கூட ஆரைத் திறந்து பார்க்கச் சொல்வேன். ஐந்தாறு ரூட் என்றால் ஃபோர்காஸ்ட் போதும். நூற்றுக்கணக்கான ரூட்டை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும் என்றால், அதே குழு எழுதிய ஃபேபிள் பேக்கேஜில் நேராகத் தொடங்குங்கள்.