வெள்ளாடுகளின் உண்ணி, பேனுக்கு மூலிகைக் கரைசல்: 6 ஆண்டு அனுபவம்

கோவில்பட்டிப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை ஒட்டி கன்னி இன வெள்ளாடுகள் 25 வரை வளர்த்து வருகிறேன். உண்ணிக்கும் பேனுக்கும் முன்பெல்லாம் கடை மருந்தையே தெளித்து வந்த நான், 6 ஆண்டுகளாக மூலிகைக் கரைசலைப் பயன்படுத்துகிறேன்.

மரபுசார் கால்நடை மருத்துவத்தில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் கலவைதான் இது. பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றில் தலா ஒரு கைப்பிடி எடுத்து அரைத்து, 1 லிட்டர் நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, வெயில் ஏறிய பிறகு உடல் முழுவதும் தெளிக்க வேண்டும். துணியில் தேங்கும் சக்கையை ஆடுகளுக்கு எட்டாத இடத்தில் புதைத்துவிடுகிறேன். உண்ணிச்செடி வயிற்றுக்குள் போனால் ஈரலைக் கெடுக்கும்.

பேனுக்கு இது நன்றாகவே கேட்கிறது, ஆனால் உடனே அன்று. கன்னி ஆட்டின் கரிய மயிரில் பேன் எளிதில் தென்படாது. மயிரைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை ஈர்கள்தாம் காட்டிக்கொடுக்கும். கரைசல் ஈரை அழிப்பதில்லை என்பதால், பொரித்து வருவனவற்றைப் பிடிக்க வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் தெளிக்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் ஒரே தெளிப்போடு நிறுத்திவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று நானே சொல்லித் திரிந்தேன்.

உண்ணியின் கதை வேறு. இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி ஆட்டை விட்டுக் கீழே விழுந்து, கொட்டிலின் சுவர் வெடிப்பிலும் தரைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆட்டுக்கு மட்டும் தெளித்த காலத்தில் பதினைந்தே நாளில் காது மடலிலும் வாலடியிலும் மறுபடி உண்ணி கொத்தாக நின்றது. வெடிப்புகளைப் பூசி அடைத்து, அதே கரைசலைத் தரையிலும் சுவரிலும் தெளிக்கத் தொடங்கிய பிறகே அது குறைந்தது.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஈன்று மூன்று நாளான குட்டிக்குத் தெளித்துவிட்டேன். பூண்டு, வசம்பு வாடையில் தன் குட்டியை அடையாளம் காணாத தாய், அதை மடியில் சேர்க்காமல் முட்டித் தள்ளியது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தும், மறுநாள் வரை தாயைப் பிடித்துக்கொண்டுதான் பாலூட்ட முடிந்தது. இளங்குட்டிகளுக்கு இப்போது சீப்பால் வாரி எடுப்பதோடு சரி.

சொறிக்கு இக்கரைசலை நம்பி மூன்று வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். சொறிப்பூச்சி தோலுக்குள் குடைந்து வாழ்வதால் மேலே தெளிப்பது அதை எட்டவில்லை. முகத்தில் தொடங்கிய பொருக்கு கழுத்து வரை பரவியதோடு, அந்த ஆட்டைத் தூக்கிக் கையாண்ட எனக்கும் முன்கையில் அரிப்புக் கண்டது. கால்நடை மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போட்ட பிறகே குணமானது. பொருக்குத் தெரிந்தால் இப்போது ஆட்டைத் தனியே கட்டிவிட்டு, நேரே மருத்துவரிடம் சென்றுவிடுகிறேன்.

செலவு பெரும்பாலும் வசம்புக்கும் பூண்டுக்கும்தான். ஐப்பசி மழையில் பேன் பெருகும்போது வேப்பங்கொட்டை கிடைக்காது என்பதால், ஆனி, ஆடியில் உதிர்வதைப் பொறுக்கி நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டி வைத்துக்கொள்கிறேன்.